டர்ன்பக்கிள் திரும்பவில்லையா? மினி டிராக்டர் பிரேக்கில் துருவேறி இறுகியவற்றை விடுவிக்கும் முறை

கேள்வி இதுதான். 24 எச்.பி. மினி டிராக்டர். சேற்றுழவு முடிந்த பிறகு வலது பிரேக் முந்திப் பிடிக்கிறது. இடது பெடல் பாதிக்கு மேல் இறங்கினாலும் பிடிப்பு வரவில்லை. சரிசெய்யப் போனால் பிரேக் ராடின் நடுவில் அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்க உள்ள மரைக்கூடான டர்ன்பக்கிள் அசையவில்லை. பானா போட்டு முறுக்கினால் ராடு, அதன் முனைக் கவட்டையான யோக்கு எல்லாம் சேர்ந்தே திரும்புகிறது. ராடை அறுத்து, அளவு குறைத்து, வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். வெல்டிங் வைத்த ராடு ஒட்டுக்குப் பக்கத்தில்தான் முறியும். அது முறிவது கொல்லையில் சும்மா நிற்கும்போது இல்லை, டிரெய்லரில் நெல் ஏற்றிக்கொண்டு கரை இறங்கி வரும்போது. தவிர, இன்றைக்குக் குறைத்த அளவு அடுத்த போகத்துக்கு மறுபடி மாறியாக வேண்டும். அப்போது எதைத் திருப்புவீர்கள்?

டர்ன்பக்கிளைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முந்திப் பிடிப்பதற்கு எப்போதும் அளவு மாறியதுதான் காரணம் என்று இல்லை. பெடலிலிருந்து சக்கரம் வரை போகும் வழியில் எங்கோ ஒன்று துருவேறி இறுகியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். இறுகியதை விட்டுவிட்டு டர்ன்பக்கிளை மட்டும் திருப்பினால், பெடல் சரியாக வந்ததுபோலத் தோன்றும். உள்ளே பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே ஓடும். டிரம் வகையில் லைனிங் கருகும். எண்ணெயில் மூழ்கிய டிஸ்க் வகையில் தட்டுகள் தேய்வதோடு டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் சூடேறிக் கெடும்.

அதனால் முதல் வேலை, எது இறுகியிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு ஆக்ஸில் ஹவுசிங்குக்கு அடியிலும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை விடக்கூடாது. செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் கூடாது, பாரத்தில் செங்கல் சொல்லாமல் வெடிக்கும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் அதை விலக்கியாக வேண்டும்; இல்லையென்றால் தரையில் நிற்கும் முன்சக்கரம் பின்சக்கரத்தைத் திரும்ப விடாது, பிரேக்தான் பிடித்திருக்கிறது என்று ஏமாந்துபோவீர்கள். இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக்கும் விலகியிருக்க வேண்டும். கைபிரேக்கை விடுவித்து, இரண்டு பெடலையும் சேர்க்கும் கொக்கியையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது வலது பெடலை மட்டும் கையால் அழுத்துங்கள். இடது பெடலும் கூடவே இறங்குகிறதா? இறங்கினால் கோளாறு டர்ன்பக்கிளில் இல்லை, பெடல் ஷாஃப்ட்டில். பல மினி டிராக்டர்களில் இரண்டு பிரேக் பெடலும் வலப்பக்கமே இருக்கும். இடது பிரேக்கின் பெடல் குறுக்கு ஷாஃப்ட்டோடு பின் (முளை) அடித்து இறுக்கப்பட்டிருக்கும். அந்த ஷாஃப்ட் வண்டிக்கு அடியில் இடப்பக்கம் வரை போய் அங்குள்ள ராடை இழுக்கும். வலது பெடலோ அதே ஷாஃப்ட்டின் மேல் ஒரு புஷ்ஷில் (உருளை உறையில்) சும்மா சுற்ற வேண்டியது. சேறும் தண்ணீரும் புகுந்து அந்தப் புஷ் ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொண்டால், ஒரு பெடலை மிதித்தாலும் இரண்டும் சேர்ந்து இயங்கும், அல்லது மிதித்த பெடல் மேலே திரும்பி வராமல் பாதியில் நிற்கும்.

பெடல்கள் தனித்தனியாக நன்றாக இயங்கினால், ராடின் பின்முனையை பிரேக் நெம்புகோலிலிருந்து கழற்றி, நெம்புகோலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். சற்றுத் தூரம் இலேசாகப் போய், பிறகு உள்ளே பிடிக்கும் உணர்வு வந்து, விட்டதும் தானே திரும்ப வேண்டும். போன இடத்திலேயே நின்றுவிட்டால், நெம்புகோல் மாட்டியிருக்கும், பிரேக்கை உள்ளே இயக்கும் கேம் ஷாஃப்ட் இறுகியிருக்கிறது. திரும்பி இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும் என்பதால் ஸ்பிரிங்கை முதலில் பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் டர்ன்பக்கிள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இரண்டு பானாவோடு அதனுடன் மல்லுக்கட்டுவதில்தான் யோக்கின் காதுகள் வளைகின்றன, நட்டின் முனைகள் மழுங்குகின்றன. ராடை முழுதாகக் கழற்றி வைஸில் (பட்டறைப் பிடிப்பானில்) பிடியுங்கள். கழற்றுமுன் ஒரு முனையில் யோக்கைப் பிணைக்கும் பின்னின் நடுவிலிருந்து மறுமுனைப் பின்னின் நடு வரை நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையிலும் வெளியே தெரியும் மரைகளையும் எண்ணி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அரைமணி நேர அலைச்சல் இதனால் குறையும்.

ராடைக் கழற்ற இரண்டு முனையிலும் உள்ள யோக் பின் வர வேண்டும். முதலில், யோக் பின் நழுவாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின். நீட்டி வளைத்த கால்களை நேராக்கி, அதன் தலைவளையத்தில் கொக்கியைக் கொடுத்து இழுங்கள். ஒடிந்துவிட்டால் பரவாயில்லை, மிச்சத்தை அதே அளவு டிரில்லால் எடுத்துவிடலாம். பழைய ஸ்ப்ளிட் பின்னை மறுபடி மாட்டவே கூடாது. யோக் பின் சிக்குவதற்குத் துரு பாதிக் காரணம், தேய்மானம் பாதிக் காரணம். பல ஆண்டுகள் ஒரே பக்கம் இழுபட்ட பின்னின் நடுவில் பள்ளம் விழுந்து, விளிம்பு துளையில் மாட்டிக்கொள்ளும். அதைச் சுத்தியால் நேரடியாக அடித்தால் முனை காளான்போல விரிந்து இன்னும் இறுகும். பின்னைவிட ஒரு மில்லிமீட்டர் மெலிந்த பஞ்ச் (தட்டி எடுக்கும் இரும்புக் கம்பி) வைத்து அடியுங்கள். மறுபக்கம் பின் தலை புகும் அளவுள்ள சாக்கெட்டை முட்டுக் கொடுங்கள். அடி அப்போதுதான் பின்னுக்குப் போகும், யோக்கின் காதுக்குப் போகாது. அடிப்பதற்கு முன் பின்னைக் குறட்டால் பிடித்து இரண்டு பக்கமும் சுழற்றிப் பாருங்கள். சுழன்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வைஸில் ராடைப் பிடித்ததும் கம்பி பிரஷ்ஷால் மரையின் மண்ணையும் துருச்செதிலையும் சுரண்டுங்கள். இதைச் செய்யாமல் ஊற்றும் எண்ணெய் மண்ணைத்தான் நனைக்கும். பிறகு, துருவிடுக்கில் ஊடுருவும் மெல்லிய பெனட்ரேட்டிங் ஆயில். எஞ்சின் ஆயில் கெட்டியானது, மரையிடுக்கில் புகாது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றுவது வேலை செய்யும், ஆனால் மெதுவாக. ராடைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு முனையின் மரையில் எண்ணெய் தங்கும்படி விடுங்கள். ஆறு மணி நேரம் கழித்துத் தலைகீழாக்கி மறுமுனையில் விடுங்கள். காலை, மதியம், இரவு என்று இரண்டு நாள் இப்படி. ஒவ்வொரு முறையும் டர்ன்பக்கிளின் பக்கவாட்டில் சிறு சுத்தியால் பத்துப் பதினைந்து தட்டு. அடி பலமாக வேண்டாம். தட்டும்போது மரைக்குள் துரு விரிசல்விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும். இரும்பு துருவாக மாறும்போது பருமன் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. மரை இறுகுவதே அதனால்தான். ஆப்பு அடித்ததுபோல் நிற்கும் அந்தத் துருவை உடைக்க வேண்டுமே தவிர, இரும்போடு பலம் காட்டுவதில் பயனில்லை.

இப்படி முறைவைத்து விட முடியாதென்றால் ராடை முழுதாகவே டீசலில் ஊற வைக்கலாம். வெள்ளை வினிகரில் ஒரு நாள் ஊறவைத்தால் துருவே கரையும்; எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் வினிகரில் போடாதீர்கள். அமிலம் பட்ட கெட்டி எஃகு வெளியே தெரியாமல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் நிறையப் பேர் தவறி, இறுகியதை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். டர்ன்பக்கிளின் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. ராடைக் கையில் நிமிர்த்திப் பிடித்து மரையின் சரிவைப் பாருங்கள். கோடுகள் வலப்பக்கம் மேலேறினால் அது வழக்கமான வலது மரை. இடப்பக்கம் மேலேறினால் இடது மரை. டர்ன்பக்கிள் தானே திரும்பாமல் பிடிக்கும் லாக் நட்டு இரண்டு முனையிலும் உண்டு; இடது மரை லாக் நட்டின் முனைகளில் பெரும்பாலும் சிறு வெட்டு இருக்கும். யோக் பக்கம் நின்று டர்ன்பக்கிளைப் பார்த்தபடி, வலது மரை நட்டை இடஞ்சுழியாகவும், இடது மரை நட்டை வலஞ்சுழியாகவும் திருப்பினால் நட்டு உங்களை நோக்கி நகரும். அதுதான் தளரும் திசை. முதலில் லாக் நட்டு இரண்டும் தளர வேண்டும். நட்டு பிடித்திருக்கும்போது டர்ன்பக்கிளைத் திருப்புவதில் பொருளே இல்லை.

பானா ஆறுமுனை ரிங் பானாவாகவோ சாக்கெட்டாகவோ இருக்கட்டும். பன்னிரண்டு முனை ரிங் துருவேறிய நட்டின் மூலையை வழுக்கிவிடும். ராடு 10 மி.மீ. என்றால் பெரும்பாலும் 17 பானா, 12 மி.மீ. என்றால் 19. முதல் அசைவை இறுக்கும் திசையில் கொடுங்கள், மிக இலேசாக. சட்டென்று ஒரு சிறு சத்தம் கேட்டால் துரு விட்டது. பிறகு தளர்த்தும் திசையில் கால் சுற்று, மறுபடி பின்னோக்கி அதில் பாதி, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி முன்னோக்கி. கழன்றுவிட்டதே என்று ஒரே மூச்சில் திருப்பினால், உதிர்ந்த துருப்பொடி மரைக்குள் சேர்ந்து மறுபடி அடைத்துக்கொள்ளும், இந்த முறை மரையையும் கிழிக்கும். பானாவில் பைப் மாட்டி நீட்டித் திருப்புவது கடைசி வழி, 8 மி.மீ. போல்ட்டில் அதைச் செய்யவே வேண்டாம், ஒடிந்துவிடும்.

அசையவில்லை என்றால் நட்டின் ஒரு தட்டைப் பக்கத்தில் கனமான சுத்தியை முட்டாக வைத்து, எதிர்த் தட்டைப் பக்கத்தில் இன்னொரு சுத்தியால் அடியுங்கள். ஆறு பக்கமும் சுற்றி வாருங்கள். நட்டு மிகச் சிறிதளவு விரியும்.

அதற்கும் மசியாததைச் சூடு கழற்றும். 10 மி.மீ. துளையுள்ள டர்ன்பக்கிள் 250 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் துளை 0.03 மி.மீ. அளவுக்கு விரியும். தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிதான், ஆனால் துரு உடையப் போதும். ஒன்றை மறக்கக்கூடாது: சூடு டர்ன்பக்கிளுக்கும் நட்டுக்கும்தான், ராடுக்கு இல்லை. ராடும் சேர்ந்து சூடானால் இரண்டும் ஒன்றாக விரியும், இடைவெளி வராது. சிறு கேஸ் டார்ச் போதும். நட்டு சிவக்கும்வரை போக வேண்டாம். பெயின்ட் கருகிப் புகை நிற்கும் அளவே சரி. சூட்டோடு ஒரு மெழுகுவர்த்தியை மரை விளிம்பில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். இதை எண்ணெய்க்கு மேலாக மதிக்கிறேன், ஏனென்றால் சூட்டில் எண்ணெய் ஆவியாகும், தீயும் பிடிக்கும். ஆறவிட்டு மறுபடி சூடு. இரண்டு மூன்று சுற்றில் விட்டுவிடும்.

சூடு வைக்கும் வேலை வைஸில் மட்டும். வண்டியில் மாட்டியபடி செய்தால் பக்கத்தில் டீசல் குழாய் இருக்கும், ஹைட்ராலிக் குழாய் இருக்கும், அடியில் எண்ணெய்ச் சேறு அப்பியிருக்கும். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த பொருளுக்கு டார்ச் காட்டவே கூடாது. சில வகையில் குளோரின் சேர்ந்த கரைப்பான் உண்டு. சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும். டீசலில் ஊறிய ராடையும் துடைத்து உலர்த்திய பிறகுதான் சூடு. ராடு தவறிப்போய்ச் சிவந்துவிட்டால் அதை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் லாக் நட்டு வரவில்லையென்றால் அதை வெட்டிவிடலாம். ராடுக்கு இணையாக ரம்பத்தால் மரையைத் தொடும் முன்வரை அறுத்து, மிச்சத்தை உளியால் பிளந்தால் மரை பிழைக்கும். ஆனால் இடது மரை நட்டு உள்ளூர்க் கடையில் எளிதில் கிடைக்காது. கையில் வாங்கி வைத்துக்கொண்டு வெட்டுங்கள். 10 மி.மீ. என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள்; ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் மரையின் இடைவெளி பெரும்பாலும் 1.25 மி.மீ., கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. பழைய நட்டைக் கொண்டுபோய்ப் பார்த்து வாங்குவது நல்லது. சில மாடல்களில் டர்ன்பக்கிளே இருக்காது, ராடு நேராக யோக்கில் மரையேறும். அங்கே அளவு மாற்ற யோக்கைக் கழற்றி அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி மாட்ட வேண்டும். விடுவிக்கும் முறை ஒன்றேதான்.

பெடல் ஷாஃப்ட் இறுகியிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி அடைபட்ட கிரீஸ் நிப்பிள். கிரீஸ் கன் வைத்து அடிக்கும்போது கிரீஸ் உள்ளே போகாமல் நிப்பிளைச் சுற்றியே வழிந்தால், உள்ளே ஆண்டுக்கணக்கில் எதுவும் போகவில்லை என்று பொருள். நிப்பிளைக் கழற்றி, துளையில் கெட்டிப்பட்ட பழைய கிரீஸை மெல்லிய கம்பியால் எடுங்கள். துளை நிறைய பெனட்ரேட்டிங் ஆயில் ஊற்றி, புது நிப்பிள் மாட்டி, கிரீஸ் கன்னால் அழுத்துங்கள். கிரீஸ் கன்னின் அழுத்தம் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ.; அது எண்ணெயைப் புஷ்ஷுக்குள் திணிக்கும். அழுத்தத்தோடு விட்டு, பெடலை மேலும் கீழும் ஆட்டுங்கள். பெடல் நல்ல நீளமான நெம்புகோல், அதனால் பலம் தேவையில்லை. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. புஷ்ஷின் இரண்டு ஓரத்திலும் சிவப்புத் துருக் கரைசல் முதலில் வரும், பிறகு கறுப்பு, கடைசியில் சுத்தமான கிரீஸ். சுத்தமான கிரீஸ் இரண்டு ஓரத்திலும் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

அப்படியும் விடாவிட்டால் ஷாஃப்ட்டை வெளியே எடுக்க வேண்டியதுதான். பெடலைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னைச் சரியான அளவு பஞ்ச் கம்பியால் தட்டி எடுத்து, பெடலின் குடத்தை (ஷாஃப்ட் புகும் பகுதியை) சூடாக்கி நகர்த்தலாம். புஷ் பித்தளையாகவோ இரும்பாகவோ இருந்தால்தான் சூடு. நைலான் புஷ் உருகிவிடும். எடுத்த ஷாஃப்ட்டை 120, பிறகு 400 எமெரித் தாளால் தேயுங்கள். கைவிரல் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுத்து மாற்ற வேண்டும். புதுப் புஷ் அடிக்கும்போது அதன் துளை நிப்பிளின் துளைக்கு நேராக வர வேண்டும். சாதாரண விஷயம்போலத் தெரிந்தாலும் இது தவறிப்போய் அடுத்த ஆண்டே மறுபடி இறுகும் ஷாஃப்ட்டுகள் நிறைய.

கேம் ஷாஃப்ட்டுக்கு வேறு கவனம் தேவை. நெம்புகோலைக் கழற்றுமுன் நெம்புகோலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நேராகப் பஞ்ச் கம்பியால் ஒரு புள்ளி குத்தி அடையாளம் வையுங்கள். இறுக்கும் போல்ட்டை முழுதாக உருவி எடுக்க வேண்டும். பல மாடல்களில் அது ஷாஃப்ட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், தளர்த்தினால் மட்டும் நெம்புகோல் வராது. பிளவில் உளியை மெதுவாகக் கொடுத்து விரித்தால் வழுக்கி வரும். டிரம் பிரேக் என்றால் ஷாஃப்ட்டின் வெளிமுனையில் சொட்டுச் சொட்டாக மட்டும் எண்ணெய் விடுங்கள். கேனைக் கவிழ்த்தால் எண்ணெய் உள்ளே ஓடி லைனிங்கில் படியும், அந்த லைனிங்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை. டிரம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். எண்ணெயில் மூழ்கிய டிஸ்க் வகையில் ஷாஃப்ட்டைச் சுற்றி ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும், அங்கே டார்ச் வேண்டாம். அந்த ஓ-ரிங் தேய்ந்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். டிரான்ஸ்மிஷன் எண்ணெய் பால்போல வெளுத்திருப்பது அதன் அடையாளம். அப்போது பிரேக் கேஸைத் திறந்து ஓ-ரிங்கையும் எண்ணெயையும் மாற்றாமல் மேலே எதைச் சரிசெய்தும் நிற்காது.

எல்லாம் இலேசாக இயங்கிய பிறகு அளவு வைக்கலாம். ராடை எழுதிவைத்த நீளத்துக்கே மாட்டி, புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள். பெடலைக் கையால் இலேசாக அழுத்தி, எதிர்ப்பு வரும்வரை அதன் மேல்முனை எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும்; இதுதான் பெடலின் தளர்வு. பல மினி டிராக்டர்களில் இது 20 முதல் 40 மி.மீ.க்குள் வரும், உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும் எண்தான் சரியான எண். சக்கரத்தைக் கையால் சுற்றியபடி, உரசத் தொடங்கும்வரை டர்ன்பக்கிளால் ராடைக் குறையுங்கள். பிறகு சொன்ன தளர்வு கிடைக்கும்வரை நீட்டுங்கள். மறுபக்கமும் அதேபோல. இரண்டு பெடலுக்கும் வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது டர்ன்பக்கிளை இன்னொரு பானாவால் பிடித்துக்கொள்ளுங்கள், இறுக்கிய பின் தளர்வை மறுபடி அளங்கள். டர்ன்பக்கிளுக்குள் ராடின் மரை இரண்டு முனையிலும் ஏறக்குறைய சமமாகப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு முனை நாலு மரையில் தொங்கிக்கொண்டிருப்பது ஆபத்து. பிரேக் பிடித்த நிலையில் ராடுக்கும் நெம்புகோலுக்கும் நடுவே கோணம் 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தால் லைனிங்கோ தட்டோ தேய்ந்துவிட்டது, இனி ராடைக் குறைப்பது தேய்மானத்தை மறைப்பதுதான்.

சாலையில் விடுமுன் கொக்கியால் இரண்டு பெடலையும் சேர்த்து, ஆளில்லாத மண் தளத்தில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள். இரண்டு சக்கரத் தடமும் ஒரே நீளத்துக்கு இழுபட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் அந்தப் பக்க ராடைக் கால் சுற்று நீட்டுங்கள். பிந்தும் பக்கத்தைக் குறைத்துச் சமன்செய்ய ஆரம்பித்தால் கடைசியில் இரண்டுமே உரசும். ஒரு கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டிவந்து, இரண்டு பிரேக் கேஸையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அது முழுதாக விடவில்லை.

மறுபடி இறுகாமலிருக்க, மரையில் காப்பர் கிரீஸோ கிராஃபைட் கிரீஸோ தடவுங்கள். சைக்கிள் டியூபை டர்ன்பக்கிள் மேல் உறைபோலப் போடும் பழக்கம் பல ஊரில் உண்டு. இரண்டு ஓரத்தையும் கட்டிவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று துரு இன்னும் வேகமாகும். தாழ்ந்த ஓரத்தைத் திறந்தே விடுங்கள். சேற்றுழவு நாட்களில் வேலை முடிந்து கழுவிய பின், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே வருமளவுக்குப் பெடல் நிப்பிளில் அன்றன்றைக்கே கிரீஸ் அடிக்க வேண்டும். டி.ஏ.பி., யூரியா மூட்டை ஏற்றிய நாளிலும் கழுவுங்கள், உரத்தின் உப்பு இரும்பை வேகமாக அரிக்கும். பிரஷர் வாஷரின் முனையை நேராக புஷ்ஷின் ஓரத்தையோ கேம் ஷாஃப்ட்டையோ பார்த்து வைக்காதீர்கள். அளவு வைத்து 10 மணி நேரம் ஓடிய பிறகு தளர்வை ஒருமுறை அளங்கள். புதிதாகத் துரு நீங்கிய பின்களும் மரைகளும் அதற்குள் உட்கார்ந்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறியிருக்கும்.